ஆபத்தில் முதல் அடி எது?

நள்ளிரவு. தாகம் எடுத்து எழுந்து சமையலறைக்குப் போகிறீர்கள். கதவைத் திறந்ததும் குப்பென்று எரிவாயுவின் நாற்றம் வீசுகிறது. ஒரே இருட்டு. இப்போது உங்கள் கை எங்கே போகும்?

சந்தேகமில்லாமல் விளக்கின் சுவிட்சுக்குத்தான் போகும். தினமும் பழகிய கை அல்லவா? ஆனால் அந்த நேரத்தில் வீட்டிலேயே தொடக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது அந்தச் சுவிட்சுதான்.

ஆபத்தில் இப்படித்தான் நேர்கிறது. யோசிக்க நேரமில்லாதபோது பழக்கம் முந்திக் கொள்கிறது. அந்தப் பழக்கமே சில வேளைகளில் உயிருக்கு உலை வைக்கிறது. இதற்கு மூன்று உதாரணங்களைப் பார்ப்போமா?

சமையலறையில்

நம் அடுப்புக்கு வரும் எரிவாயு, புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. இவற்றுக்கு இயற்கையில் மணமே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் உங்களுக்காக அடிக்கப்படும் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. புரோப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு கனம். ஆகவே அது மேலே எழும்பிப் போய்விடாமல் தண்ணீரைப் போலத் தரையில் பரவித் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறி போதும், வெடித்து எரியும். சுவிட்சைப் போடும்போது மட்டுமல்ல, அணைக்கும்போதும் உள்ளே பொறி பறக்கிறது. எரிகிற விளக்கை அணைப்பதும் ஆபத்து என்பது இதனால்தான்.

அப்படியானால் என்ன செய்வது? எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். கைவிளக்கைக்கூட அங்கே பொருத்த வேண்டாம். எல்லோரையும் எழுப்புங்கள். கதவு ஜன்னல்களை விரியத் திறந்து, எட்டும் தூரத்தில் இருந்தால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். தொலைபேசியை எடுப்பது வெளியே வந்த பிறகுதான். எரிவாயுக் கசிவுக்கான உதவி எண் 1906.

புயலின் கண்ணில்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. மரங்களை வேரோடு சாய்த்த காற்று, பிற்பகலில் நகரின் பல பகுதிகளில் திடீரென்று அடங்கியது. "அப்பாடா, புயல் ஓய்ந்தது!" என்று எண்ணத் தோன்றும் நேரம் அது. கால்கள் தாமாக வாசலுக்குப் போகும். மாடியில் என்ன பறந்தது, தெருவில் எந்த மரம் விழுந்தது என்று பார்க்க ஆசை வரும்.

ஆனால் புயல் ஓயவில்லை. அதன் கண், அதாவது நடுப்பகுதி, தலைக்குமேல் வந்திருந்தது. நம் வங்கக் கடலில் எழும் புயல்களில் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. கிழக்கிலிருந்து வரும் புயலின் பாதையில் உங்கள் ஊர் இருந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று அடிக்கும். கண் கடந்து போனதும் அதே வேகத்தோடு தெற்கிலிருந்து அடிக்கும். ஒரு பக்கமாக ஆடித் தளர்ந்த மரமும் கூரையும் இப்போது மறுபக்கமாகத் தள்ளப்படுகின்றன. வெளியே நிற்பவர் கதி என்ன ஆகும்?

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். கண்ணின் அகலம் 20 கிலோமீட்டர், புயல் நகரும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், நடுவே உள்ள ஊருக்கு அமைதி ஒரு மணி நேரம். ஓரத்தில் உள்ள ஊருக்குச் சில நிமிடங்களே. எனவே புயல் முற்றிலும் கடந்துவிட்டது என்று வானொலியிலோ அதிகாரிகள் மூலமோ அறிவிப்பு வரும்வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது.

கடல் உள்வாங்கும்போது

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் சுனாமி தமிழகக் கரையைத் தாக்கியது. ஏறத்தாழ 8,000 பேர் இங்கே உயிரிழந்தனர். பல இடங்களில் அலை வருமுன் கடல் உள்வாங்கியது. காணாததைக் கண்ட மக்கள் வேடிக்கை பார்க்க அதை நோக்கி நடந்தார்கள். அது என்ன அறிகுறி என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சுனாமியின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம். கடலின் ஆழத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஆழம் 4,000 மீட்டர் என்றால் விடை விநாடிக்கு 198 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர்! கரையருகே ஆழம் 10 மீட்டராகக் குறையும்போதும் வேகம் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். உலகின் மிக வேகமான ஓட்டக்காரருக்கு நிகரான வேகம் இது. அவராலும் அந்த வேகத்தில் சில விநாடிகளே ஓட முடியும். அலையைக் கண்ட பிறகு ஓடத் தொடங்கினால் தப்புவது அரிது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்த இத்தீவை அலை சில நிமிடங்களிலேயே எட்டிவிட்டது. ஆனால் அங்கு வாழ்ந்த சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தாம்! 1907-இல் அத்தீவு ஒரு சுனாமியால் அழிவைக் கண்டது. அந்த அலைக்கு "ஸ்மோங்" என்று பெயரிட்டு, நிலம் பலமாக நடுங்கிக் கடல் உள்வாங்கினால் உடனே குன்றுக்கு ஓடவேண்டும் என்று பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லி வந்தார்கள். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதை ஒரு தீவையே காப்பாற்றியது.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாச் சுனாமியிலும் கடல் முதலில் உள்வாங்கும் என்பதில்லை. சில நேரம் அலையே முதலில் வரலாம். ஆகவே கடற்கரையில் நில நடுக்கத்தை உணர்ந்தாலும், எச்சரிக்கையைக் கேட்டாலும் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

மாணவர்கள் வழிகாட்டினார்கள்

"நாம் சிறுவர்கள்தானே, நம்மால் என்ன முடியும்?" என்று நினைக்கிறீர்களா? ஜப்பானில் கமாயிஷி என்ற நகரத்துப் பிள்ளைகள் இதற்குப் பதில் சொல்வார்கள். 2011 மார்ச் 11 அன்று நிலம் நடுங்கியபோது, அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் கட்டடத்தின் மாடியில் ஏறியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து அவர்களும் இறங்கிப் பின்தொடர்ந்தார்கள். முதலில் சேர்ந்த இடமும் பாதுகாப்பானதாகத் தோன்றாததால் இன்னும் மேலே ஏறினார்கள். பின்னர் அப்பள்ளிகள் அலையில் மூழ்கின. நகரத்தின் ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர். பலமுறை பயிற்சி செய்திருந்ததால் அவர்களுடைய கால்கள் சரியான திசையில் ஓடின.

இன்று இரவே தொடங்குங்கள்

இன்று இரவு சாப்பிடும்போது வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் என்ன செய்வது?" யாராவது ஒருவர், "தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்பார். கூடவே கூடாது! எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடினால் காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். சட்டியை நகர்த்தவும் கூடாது.

இப்படியே பேச்சைத் தொடருங்கள். அவசரமாக வெளியேற நேர்ந்தால் எல்லோரும் எந்த இடத்தில் சேர்வது? பாட்டியைக் கைபிடித்து அழைத்து வருவது யார்? தம்பி யார் பொறுப்பு? வெளியூரில் இருக்கும் எந்த உறவினருக்குத் தகவல் சொல்வது? அவருடைய எண் மனப்பாடமாகத் தெரியுமா? கைப்பேசியில் மட்டும் இருக்கும் எண், அதன் மின்கலம் தீர்ந்ததும் பயன்படாது.

குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள், மருந்துகள், கைவிளக்கு, சிறு வானொலி ஆகியவற்றை நீர் புகாத ஒரு பையில் இட்டு, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனேயே குடிநீரைப் பிடித்து மூடி வையுங்கள். 112, 1070, 1077 என்ற எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முதலாவது எல்லா அவசரத்துக்கும் உரியது; மற்றவை மாநில, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளுக்கு உரியவை.

எழுதி ஒட்டியதோடு நின்றுவிடாதீர்கள். ஒரு நாள் மாலை விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லோரும் வாசலுக்கு வந்து சேர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். முதல் தடவை தம்பி செருப்பைத் தேடுவான், அக்கா சிரிப்பாள். சிரிக்கட்டும். அடுத்த மாதம் மீண்டும் செய்யுங்கள். நேரம் குறைந்திருப்பதைக் காண்பீர்கள்.