இறைச்சியில் கொழுப்பைக் குறைக்கும் தாவர நார்: உடலுக்கு நன்மையா, விற்பவருக்கு லாபமா?

நியூ டவுன் (கொல்கத்தா): சிக்கன் நக்கெட்ஸ், சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சி உணவுகள், கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுன் போன்ற புதிய நகரங்களின் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. இவ்வகை உணவுகளில் கொழுப்பின் ஒரு பகுதியை நீக்கி, ஓட்ஸ் தவிடு, சிக்கரி வேர், பழத்தோல் முதலியவற்றின் நார்ச்சத்தைச் சேர்க்கும் முறையை உணவு அறிவியலாளர்கள் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

கொழுப்பை நீக்குவது ஏன் கடினம்?

சாசேஜில் உள்ள கொழுப்பு வெறும் கலோரி அன்று. உப்பில் கரையும் தசைப் புரதங்கள் கொழுப்புத் துளிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதால்தான் மென்மையும் சாறும் கிடைக்கின்றன. மணத்தைச் சுமப்பதும் கொழுப்பே. அதைக் குறைத்தால் இறைச்சி ரப்பர் போல இறுகிவிடும். ஈடாக நீரை மட்டும் சேர்த்தால், சமைக்கும்போது அது வெளியேறிவிடும். நார்ச்சத்தோ தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி, சூட்டிலும் பெருமளவு தக்கவைக்கிறது.

ஒரு எளிய கணக்கு: 100 கிராம் சாசேஜில் 10 கிராம் கொழுப்புக்குப் பதிலாக 2 கிராம் நாரும் 8 கிராம் நீரும் சேர்ப்பதாகக் கொள்வோம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும், நார் ஏறத்தாழ 2 கலோரியும் தருபவை. ஆகவே சுமார் 86 கலோரி குறையும். ஆனால், அளவு மிஞ்சினால் இறைச்சி மாவு போல உதிரும்.

கொல்கத்தாவின் பெல்காச்சியாவில் இயங்கும் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் கிழக்கு மண்டல மையம், இறைச்சி உணவுகளில் நார்ச்சத்து சேர்ப்பது குறித்து ஆய்வு செய்துள்ளது. வீணாகும் டிராகன் பழத்தோலின் பொடியைச் சிக்கன் நக்கெட்ஸில் சேர்த்தபோது நார்ச்சத்து உயர்ந்ததுடன், கொழுப்பு கெட்டுச் சிக்கு வாடை ஏற்படுவதும் மட்டுப்பட்டதாக 2020-இல் வெளியான அதன் ஆய்வு கூறுகிறது.

வணிக அளவில் இம்முயற்சி எப்போதும் வென்றதில்லை. மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1991-இல் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய 'மெக்லீன் டீலக்ஸ்' பர்கரில், கடற்பாசியிலிருந்து பெறப்படும் கராஜீனனும் நீரும் கொழுப்பின் வேலையைச் செய்தன. 91 சதவீதம் கொழுப்பற்றது என்று விளம்பரப்படுத்தப்பட்ட அதை மக்கள் விரும்பவில்லை. 1996-இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியும் கராஜீனன் தருவதே.

நுகர்வோர் கவனிக்க வேண்டியது

நீரைப் பிடிக்கும் இதே குணம் விற்பவருக்கும் லாபம் தருகிறது. இறைச்சியின் விலையில் நீரும் விற்கப்படலாம். பொருள்களின் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால், நீர் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். கராஜீனன் 407 என்ற எண்ணிலும் குறிக்கப்படலாம்.

இந்திய விதிகளின்படி, திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் 'குறைந்த கொழுப்பு' என்று கூற இயலாது. 'நார்ச்சத்து மிக்கது' எனக் கூற, பொதுவாக 100 கிராமில் 6 கிராம் நாராவது இருக்க வேண்டும். மேலே கண்ட கணக்கின் 2 கிராம் அதற்குப் போதாது. பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கொழுப்பு குறைந்தாலும் உப்பும் நைட்ரைட்டும் தாமாகக் குறைந்துவிடுவதில்லை. பதப்படுத்தப்பட்ட இறைச்சியை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் சேர்த்தது. நார் கலந்த சாசேஜும் அந்த வகையிலேயே அடங்கும்.