கைராசியைச் சோதிச்சுப் பார்ப்போமா? ஒரு தொட்டியை மட்டும் சும்மா விடுங்க

இன்னைக்கு மாடித்தோட்டம். செடி வளர்க்கறது எப்படின்னு நான் சொல்லப் போறதில்ல, அதுக்கு யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. அவங்க சொல்ற டிப்ஸ்ல எது நிஜமாவே வேலை செய்யுதுன்னு நம்ம மொட்டை மாடியிலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுதான் இந்த எபிசோட்.

புதுச்சேரி தாவரவியல் பூங்காவுல வருஷா வருஷம் மலர், காய், கனி கண்காட்சி நடக்குது, பெரும்பாலும் பிப்ரவரியில. போனவங்க வெறுங்கையோட திரும்ப மாட்டாங்க. ஒரு ரோஜா, ஒரு செம்பருத்தி, கூடவே நாலு அறிவுரை. முட்டை ஓடு போடுங்க, எப்சம் சால்ட் போடுங்க, அடியில ஜல்லி போடுங்க. செடி பூத்துட்டா அந்த டிப்ஸுக்குப் பேரு. காஞ்சு போச்சுன்னா? "எனக்குக் கைராசி இல்ல"ன்னு பழியை நாமளே தூக்கிக்கிறோம். எனக்கு இதுதான் கோபம். ஜெயிச்சா டிப்ஸ், தோத்தா நம்ம கை. இப்படி ஒரு ஆட்டத்துல எந்த டிப்ஸும் தோற்கவே தோற்காது.

அக்டோபர்ல ஒருத்தர் தொட்டியில வாழைப்பழத் தோலைப் புதைக்கறார்னு வைங்க. அடுத்த வாரம் வடகிழக்குப் பருவமழை பிடிக்குது. செடி பச்சைப் பசேல்னு துளிர்க்குது. தோலாலயா, மழையாலயா? பக்கத்துலயே தோல் போடாத இன்னொரு தொட்டி இருந்தாத்தான் தெரியும்.

இங்கிலாந்துல ராதம்ஸ்டெட்னு ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு. அங்க பிராட்பால்க்ங்கற வயல்ல 1843-ல கோதுமை போட்டுச் சோதனை ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு உரம். ஆனா ஒரு பட்டைக்கு மட்டும் எதுவுமே போடல. இன்னைக்கு வரைக்கும் போடல! மத்த உரமெல்லாம் எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு சொன்னதே அந்தச் சும்மா கிடந்த பட்டைதான். நம்ம ஊர்லயும் சோதனை புதுசில்ல. 1826-ல பிரெஞ்சுக்காரங்க தொடங்கின தோட்டம்தான் இப்ப நாம கண்காட்சிக்குப் போற தாவரவியல் பூங்கா. வெளியூர்ச் செடிகளைக் கொண்டு வந்து, இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் எது தாங்கும்னு வளர்த்துப் பார்த்த இடம்.

சரி, மாடிக்கு வருவோம். முதல்ல ஜல்லி. தொட்டி அடியில ரெண்டு அங்குலம் ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்னு சொல்றாங்க. கேட்டா நியாயமாத்தான் இருக்கு. பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சை எடுத்து முழுசா நனைச்சு, படுக்கை வாட்டத்துல பிடிங்க. சொட்டறது நிக்கற வரைக்கும் காத்திருங்க. இப்ப அதையே செங்குத்தா நிமிர்த்துங்க. மறுபடியும் தண்ணி சொட்டும். உயரம் கூடினா வடியறதும் கூடும், உயரம் குறைஞ்சா தண்ணி உள்ளேயே தங்கும். ஜல்லி போடும்போது நாம மண்ணோட உயரத்தைத்தான் குறைக்கிறோம். பொடி மண்ணுல இருக்கற தண்ணி, கீழ ஜல்லி இருக்கேன்னு உடனே இறங்கிடாது. மண்ணு முழுசா ஊறி நிறைஞ்ச அப்புறம்தான் இறங்கும். ஆக ஈரம் தங்கற பகுதி வேருக்கு இன்னும் கிட்ட வந்துடுது.

நம்பலைன்னா ரெண்டு தண்ணி பாட்டிலை வெட்டி, அடியில ஓட்டை போட்டு, ஒண்ணுல ஜல்லியும் மண்ணும், இன்னொண்ணுல வெறும் மண்ணும் நிரப்பித் தண்ணி ஊத்திப் பாருங்க. ஈரம் எங்க நிக்குதுன்னு வெளியிலிருந்தே தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சே, அந்த மாதிரி மழையில தொட்டியைக் காப்பாத்தறது அடைபடாத ஓட்டையும் உயரமான தொட்டியும்தான். மண்ணு ஒழுகாம இருக்க ஒரு ஓட்டுச் சில்லு போதும்.

மதிய வெயில்ல தண்ணி ஊத்தினா துளி லென்ஸ் மாதிரி இலையைச் சுடும்ங்கறது அடுத்தது. ஹங்கேரியில காபோர் ஹோர்வாத் குழு 2010-ல இதைச் சோதிச்சு வெளியிட்டாங்க. வழவழப்பான இலை சுடல. ரோமம் இருக்கற இலையில துளி மேலேயே தூக்கி நிக்கும்போதுதான் சூடு பட வாய்ப்பு. ஆனா நம்ம பிரச்சினை லென்ஸ் இல்லை, குழாய். மே மாசம் மதியம் மாடி டேங்க் தண்ணியில கையை வச்சுப் பாருங்க. அதை அப்படியே வேர்ல ஊத்தாதீங்க.

முட்டை ஓடு? அது கால்சியம் கார்பனேட். உங்க வீட்டுக் கெட்டில்ல வெள்ளையாப் படியுதே, அதுலயும் பெரும்பாலும் இதுதான். வினிகர்ல போட்டா நுரைச்சுக் கரையும். குழாய்த் தண்ணியில போட்டா அப்படியே கிடக்கும். கெட்டில்ல வெள்ளை படியற வீட்டுல, செடிக்குக் கால்சியம் தினமும் தண்ணியோடவே போகுது. தக்காளி அடியில கறுத்துப் போறதுக்குப் பெரும்பாலும் காரணம், ஒருநாள் ஊத்தி ரெண்டு நாள் விட்டுடற தண்ணி. ஓட்டைக் கம்போஸ்ட்ல போடுங்க, நஷ்டமில்ல.

இப்ப முக்கியமான விஷயம், உப்பு. கடலை ஒட்டின நம்ம ஊர்ல போர் தண்ணியோட ருசி எல்லாருக்கும் தெரியும். குடிக்கக் கேன் பிடிக்கிறோம், செடிக்கு அதே போர் தண்ணிதான். வெயில்ல தண்ணி ஆவியாயிடும், உப்பு தொட்டியிலயே தங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா. ஒருநாள் இலை நுனியும் ஓரமும் பழுப்பாக் காயும். உடனே "சத்துக் குறைபாடு"ன்னு யாராவது சொல்வாங்க. நாம எப்சம் சால்ட் வாங்கிக் கரைச்சு ஊத்துவோம். பேர்லயே இருக்கு பாருங்க, அதுவும் ஒரு உப்புதான், மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் நிஜமாவே குறைஞ்சா அடையாளம் வேற. அடி இலைகள்ல நரம்பு பச்சையா நிக்க, நடுவுல மஞ்சளாகும். ஓரம் கருகற செடிக்கு இதை ஊத்தறது, உப்புக் கரிக்கற சாம்பார்ல இன்னொரு கை உப்பு போடற மாதிரி.

சோதிக்க வழி இருக்கு. தண்ணி ஃபில்டர் விக்க வர்றவர் கையில ஒரு பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் வச்சிருப்பாரே, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. செடிக்கு ஊத்தற தண்ணியை அளங்க. தொட்டி அடியில வடியற தண்ணியையும் அளங்க. வடியறதுல எண் ரொம்ப அதிகமா இருந்தா தொட்டியில உப்பு சேருது. இது எந்த உப்புன்னு சொல்லாது, நேத்து போட்ட உரமும் அதுல சேர்ந்து காட்டும். அதனால உரம் போட்டு ரெண்டு வாரம் கழிச்சு அளக்கறது நல்லது.

இந்த மீட்டரை வச்சே ரெண்டு டிப்ஸைத் தீர்த்துடலாம். தேங்காய் நார்த்தூளை ரெண்டு மூணு தடவை அலசிட்டுப் போடுங்கன்னு சொல்றாங்களே, அது சரியான அறிவுரை. ஒவ்வொரு அலசலுக்கும் பிழிஞ்ச தண்ணியை அளந்தா எண் இறங்கறது கண்ணுக்கே தெரியும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியைச் செடிக்கு விடறது கொஞ்சம் சிக்கல். 4 லிட்டர் உள்ள போய் 1 லிட்டர் நல்ல தண்ணியும் 3 லிட்டர் கழிவும் வந்தா, 4 லிட்டரோட உப்பு கிட்டத்தட்ட முழுசும் அந்த 3 லிட்டர்ல இருக்கும். அதாவது மூணுல ஒரு பங்கு கூடுதல். பாதிக்குப் பாதி பிரிஞ்சா ரெண்டு மடங்கு. உள்ள வர்ற தண்ணி நல்லா இருந்தா பரவாயில்ல. ஏற்கெனவே கரிக்கற தண்ணின்னா, அதை வீடு துடைக்க வச்சுக்கோங்க. ரோஜா, பீன்ஸ் உப்பைத் தாங்காது. பருப்புக்கீரை ஓரளவு தாங்கும்.

சேர்ந்த உப்புக்கு மருந்து கடையில இல்ல. மழைதான். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தொட்டிகளைத் திறந்த வெளியில வைங்க, கீழ இருக்கற தட்டை எடுத்துடுங்க. தட்டுல நிக்கற தண்ணியைச் செடி திரும்ப உறிஞ்சினா, வெளிய வந்த உப்பு மறுபடி உள்ள போயிடும்.

கடைசியா பஞ்சகவ்யா. இதைத் திட்டுவேன்னு சிலர் காத்திருப்பீங்க. தண்ணியில 3 சதவீதம் கலந்து தெளிக்கறது வழக்கமான அளவு. சாணமும் கோமியமும் இருக்கற கரைசல்ல செடிக்குச் சத்து இருக்கும், அதுல சந்தேகமில்ல. கேள்வி, வெறும் சாணிக் கரைசலை விட அது மேலா? ஒன்பது தொட்டி, ஒரே மண்ணு, ஒரே பாக்கெட் வெந்தயம். மூணுக்குத் தண்ணி, மூணுக்குச் சாணிக் கரைசல், மூணுக்குப் பஞ்சகவ்யா. எது எதுக்குன்னு சீட்டுக் குலுக்கிப் போடுங்க, இல்லைன்னா நல்லா முளைச்ச தொட்டியைத்தான் நம்ம கை தானா தேடிப் போகும். வாரம் ஒருதரம் இடத்தை மாத்தி வைங்க. மூணு நாலு வாரத்துல அறுத்து, சமையலறைத் தராசுல தனித்தனியா எடை போட்டு எழுதிக்கோங்க. எழுதி முடிச்ச அப்புறம்தான் அதை அம்மா கையில சாம்பாருக்குக் கொடுக்கணும்.