ரூ.50 லட்சத்தை ஒப்படைக்கும் முன்: பிஎம்எஸ் கட்டணத்தையும் மேலாளரையும் எடைபோடுவது எப்படி?

ஓய்வுக்காலப் பலன், நிலம் விற்ற தொகை எனப் பெரும் பணம் ஒரே நேரத்தில் கைக்கு வரும்போது, அதை நிர்வகித்துத் தருவதாகக் கூறும் முதலீட்டு மேலாளர்களும் தேடி வருகின்றனர். எந்தப் பங்கை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்பதை ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரிடம் கேட்காமல் மேலாளரே முடிவு செய்யும் சேவை, பிஎம்எஸ் எனப்படும் போர்ட்ஃபோலியோ மேலாண்மைச் சேவையின் ஒரு வகையாகும். இதில் லாபம் உறுதியற்றது, கட்டணமோ உறுதியானது. எனவே கையெழுத்திடும் முன் இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவது அவசியம்.

விதிகள் என்ன?

இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளின்படி, இச்சேவைக்கான குறைந்தபட்ச முதலீடு ரூ.25 லட்சத்திலிருந்து ரூ.50 லட்சமாக உயர்த்தப்பட்டது. முன்கூட்டியே கட்டணம் வசூலிக்கத் தடை விதிக்கப்பட்டது. தரகுக் கட்டணம் நீங்கலான நடைமுறைச் செலவுகள், நிர்வகிக்கப்படும் சராசரித் தொகையில் ஆண்டுக்கு 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பணத்தைத் திரும்பப் பெறும்போது முதல் ஆண்டில் அதிகபட்சம் 3 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 2 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 1 சதவீதம் வெளியேறும் கட்டணமாகப் பிடிக்கலாம். அதன் பிறகு பிடிக்க இயலாது.

சிறு சதவீதம், பெரும் தொகை

மேலாண்மைக் கட்டணம் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 2.95 சதவீதமாகிறது. நடைமுறைச் செலவு 0.50 சதவீதத்தையும் கூட்டினால் மொத்தம் 3.45 சதவீதம். முதலீடு ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால், கட்டணமே இல்லாத நிலையில் ரூ.50 லட்சம் 10 ஆண்டுகளில் ஏறத்தாழ ரூ.1.55 கோடியாகும். கட்டணம் போக 8.55 சதவீதம் வளர்ந்தால் ஏறத்தாழ ரூ.1.14 கோடிதான் கிடைக்கும். வித்தியாசம் சுமார் ரூ.41 லட்சம். தரகுக் கட்டணமும் வரியும் இக்கணக்கில் சேரவில்லை.

லாபத்தில் பங்கு

சில மேலாளர்கள் நிலையான கட்டணத்தைக் குறைத்து, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட லாபத்தில் ஒரு பங்கைப் பெறுகின்றனர். இதற்கு ‘உச்ச மதிப்பு’ விதி பொருந்தும். ரூ.50 லட்சம் ரூ.60 லட்சமாக உயர்ந்து, அந்த லாபத்துக்குக் கட்டணம் பெறப்பட்டுவிட்டது எனலாம். பின்னர் மதிப்பு ரூ.52 லட்சமாகச் சரிந்து மீண்டும் ரூ.60 லட்சத்தை எட்டினால், அந்த மீட்சிக்கு லாபக் கட்டணம் கேட்க முடியாது. ரூ.60 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கே கட்டணம் உண்டு.

வரிச் சுமையும் கவனிக்கத்தக்கது. பரஸ்பர நிதியில், நிதி மேலாளர் உள்ளுக்குள் பங்குகளை விற்பதால் முதலீட்டாளருக்கு வரி எழுவதில்லை. பிஎம்எஸ் சேவையில் ஒவ்வொரு விற்பனை லாபமும் வாடிக்கையாளரின் கணக்கில் சேரும். பட்டியலிடப்பட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதமும், அதற்குப் பின் விற்றால் ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதமும் வரி உண்டு. அடிக்கடி வாங்கி விற்கும் மேலாளர் வரியையும் தரகையும் சேர்த்தே உயர்த்துகிறார்.

நம்பகத்தை எப்படி அறிவது?

முதலாவதாக, பதிவு. ‘ஐஎன்பி’ எனத் தொடங்கும் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம். சாதாரண முதலீட்டாளரிடம் ரூ.5 லட்சம், ரூ.10 லட்சம் பெற்றுக்கொண்டு ‘பிஎம்எஸ்’ நடத்துவதாகக் கூறுபவரும், நிச்சய லாபம் தருவதாக உறுதியளிப்பவரும் விதிக்குப் புறம்பானவர்கள்.

இரண்டாவதாக, சொத்து இருக்கும் இடம். பங்குகள் வாடிக்கையாளரின் பெயரிலுள்ள டீமேட் கணக்கில் இருக்கின்றனவா, காப்பு நிறுவனம் எது என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். வாடிக்கையாளர்கள் அளித்த அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி அவர்களின் பங்குகளை அடகு வைத்ததாகக் கார்வி பங்குத் தரகு நிறுவனத்தின் மீது 2019 நவம்பரில் செபி நடவடிக்கை எடுத்தது. அந்நிறுவனம் செயல்பட்டது தரகராகத்தான் என்றாலும், அதிகாரப் பத்திரத்தில் எந்தெந்த அதிகாரங்கள் வழங்கப்படுகின்றன என்பதை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு அது சான்று.

மூன்றாவதாக, செயல்திறன். எல்லாக் கட்டணங்களும் கழித்த பிறகு கிடைத்த வருவாயையே மேலாளர் காட்ட வேண்டும் என்பது விதி. அதனைச் சந்தைக் குறியீட்டின் ஈவுத்தொகை சேர்ந்த வருவாயுடன் ஒப்பிட வேண்டும். ஒரு நல்ல ஆண்டை மட்டும் பாராமல், சந்தை சரிந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பது நலம். அரை சதவீதத்துக்கும் குறைந்த செலவில் குறியீட்டு நிதிகள் கிடைக்கும் நிலையில், அவற்றை மிஞ்சாத மேலாளருக்குக் கூடுதல் கட்டணம் தருவதில் பொருளில்லை.

கையெழுத்துக்கு முன்

கட்டணத்தைப் பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுக் காட்டும் கருவியை, 2024 அக்டோபர் முதல் மேலாளர்கள் வழங்க வேண்டும். இடைத்தரகர் இன்றி நேரடியாகச் சேரும் வசதியும் உண்டு. இதனால் விநியோகஸ்தருக்கான செலவு மிச்சமாகும். பிணக்கு எழுந்தால் முதலில் நிறுவனத்திடமும், தீர்வு கிடைக்காவிடில் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்திலும் புகார் அளிக்கலாம். ஆனால், புகார் வழி இருக்கிறது என்பதால் சந்தை இழப்பு ஈடுசெய்யப்படாது. அந்த இழப்பு முழுவதும் முதலீட்டாளருடையதே.