அளவு கேட்டு விற்கலாமே!

என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. எடை குறைவு என்று தனி வார்டில் வைத்தார்கள். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. "பாலை எடுத்துக் கொடுங்க, டியூப் வழியா குடுக்கிறோம்" என்றார்கள்.

அவள் வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்பில் கை பம்பு வாங்கி வந்தார். அழுத்த அழுத்த உயிர் போகிற வலி. காம்பு புண்ணானதுதான் மிச்சம். பாலாடையின் அடி கூட நனையவில்லை. பார்க்க வந்தவர்கள், "இவளுக்குப் பால் ஊறலை, பவுடர் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சில் அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

வார்டு நர்சம்மாதான் பம்பை வாங்கிப் பார்த்தார். "பால் எல்லாம் இருக்கு. இந்தப் புனல்தான் இவளுக்குச் சின்னது" என்றார். காம்பு பக்கத்தில் உரசாமல் நடுவில் போய் வர வேண்டுமாம். வலியும் பயமும் இருந்தால், பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் சுரப்பு தடைப்படுமாம். பிறகு கையாலேயே எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டை விரலைக் கருவட்டத்துக்கு மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். மூன்றாம் நாள் பாலாடை நிரம்பியது.

செருப்புக்கு அளவு கேட்கிறார்கள், வளையலுக்குக் கேட்கிறார்கள். இதற்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே புனலா? இரண்டு, மூன்று அளவில் புனல் தரும் பம்புகளும் உண்டு. கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். ரப்பர் பந்து வைத்த பழைய மாடலை வாங்கவே வேண்டாம். பால் பந்துக்குள் போய்விடும், உள்ளே கழுவ முடியாது, கிருமி சேரும்.

அமெரிக்காவில் பால் பம்புக்கு 1854-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வலி, சத்தம், கழுவுகிற தொல்லை எல்லாம் தீரவில்லை என்று, 2014-ல் அங்குள்ள எம்.ஐ.டி.யில் தாய்மார்களையும் என்ஜினீயர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் புது மாடல்களை யோசித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? கர்நாடகத்தில் தாவணகெரே டாக்டர்கள், உள்ளடங்கிய காம்பை வெளியே கொண்டுவர ஊசி போடும் சிரிஞ்சையே பயன்படுத்தினார்கள். முனையை வெட்டிவிட்டு, உள்தண்டை வெட்டிய பக்கமாகச் செருகி, வழவழப்பான பக்கத்தை மார்பில் வைக்கும் முறை. 1993-லேயே அதை எழுதி வெளியிட்டார்கள். சில ரூபாய்ச் செலவுதான்! (டாக்டரோ நர்சோ காட்டிக் கொடுக்காமல் நாமாகச் செய்து பார்க்கக் கூடாது.)

நம் ஜிப்மரில் 2016-ல் 'அமுதம் தாய்ப்பால் மையம்' என்று பால் வங்கியே திறந்தார்கள். புதுச்சேரியில் என்ஜினீயரிங் காலேஜுக்கும் பஞ்சமில்லை. பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் உறுத்தாத, சுலபமாகக் கழுவக்கூடிய, விலை குறைந்த பம்பு ஒன்றைச் செய்து பார்க்கலாமே! படம் வரைவதற்கு முன்னால் பிரசவ வார்டுக்குப் போய் நாலு அம்மாக்களைக் கேட்கட்டும். எங்கே வலிக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள்.

– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.