இறுவட்டு வாசியாமை: காரணமும் பரிகாரமும்

அறிஞர் பல்லாண்டு முயன்று தொகுத்த ஆய்வுக் குறிப்புகளும் குடும்பங்களின் ஒளிப்படங்களும் இன்றும் பல இல்லங்களில் இறுவட்டுகளிலேயே உறங்குகின்றன. அத்தகைய வட்டொன்றைக் கணினி வாசியாதாயின், வட்டுப் பழுதாயிற்றென அதனை எறிந்துவிடுவோர் உளர். எறியப்பட்டது நல்ல வட்டாகவும் பழுதுற்றது இயக்கியாகவும் இருத்தல் கூடும். ஆதலின் குற்றம் எங்குளது என முறைப்பட ஆராய்தல் இன்றியமையாதது.

முதற்கண் வாசிப்பு நிகழுமாற்றை அறிதல் வேண்டும். 1982 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இறுவட்டு 120 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. தகவலைத் தாங்கும் நுண்ணிய தடம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்கின்றது. இயக்கியின் லேசர்க் கதிர் ஒரு சிறு வில்லையினூடாக அத்தடத்திற் குவிகின்றது. தெறித்து மீளும் ஒளியின் ஏற்றத்தாழ்வே தகவலாகின்றது. ஆகவே வட்டு, வில்லை, லேசர் ஆகியவற்றுள் ஒன்று குறையுறினும் வாசிப்புத் தடைப்படும்.

இனி ஆராயும் முறையை நோக்குவாம். இயக்கியின் பெயரே கணினித் திரையிற் காணப்படாதாயின், மின்வடத்தையும் தகவல் வடத்தையும் முதலிற் சோதித்தல் வேண்டும். பெயர் காணப்படின், நன்கு இயங்குமென அறியப்பட்ட வேறொரு வட்டை இடுக. அது வாசிக்கப்படின் ஐயம் முதல் வட்டின் மேலது. அதுவும் வாசிக்கப்படாதாயின் இயக்கியின் மேலது. எனினும் சோதனை வட்டு அதே வகையினதாதல் வேண்டும். சீடிக்கு 780 நானோமீற்றர் அலைநீளமுள்ள கதிரும் டிவிடிக்கு 650 நானோமீற்றர்க் கதிரும் பயன்படுதலின், ஒன்று நலிந்தவிடத்தும் மற்றையது தொழிற்படக் கூடும்.

வட்டில் அழுக்கிருப்பின், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தல் வேண்டும், வட்டமாகத் துடைத்தலாகாது. தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறல் சிறிதளவு தகவலையே மறைக்கும். அதனை, றீட், சொலமன் என்போர் 1960 இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையின் வழிவந்த கணிப்பு ஈடுசெய்யும். தடத்தின் வழியே ஓடும் கீறலோ தொடர்ச்சியான பெரும்பகுதியை மறைத்துவிடும். சீடியின் தகவற்படை பெயரெழுதும் பக்கத்தை அடுத்திருத்தலால், அப்பக்கத்துக் கீறல் பெரும்பாலும் பரிகாரமற்றது.

வில்லையிற் தூசி படிந்திருப்பின், மின்னை முற்றாகத் துண்டித்த பின்னர், ஐசோபுறொப்பைல் அற்ககோலில் சிறிதே நனைத்த பஞ்சினால் அழுத்தமின்றித் தொட்டெடுக்கலாம். லேசரே நலிந்திருப்பின் இயக்கியை மாற்றுதலே தகும்.

ஓர் இயக்கி கைவிட்ட வட்டை மற்றோர் இயக்கி வாசித்தலும் உண்டு. ஆதலின் பல இயக்கிகளிற் சோதியாது எவ்வட்டையும் எறிதல் தகாது. வாசிக்கப்பட்ட அக்கணமே அதன் உள்ளடக்கத்தை வேறிடங்களிற் படியெடுத்து வைத்தல் வேண்டும். இற்றைக் கணினிகள் பலவற்றில் இவ்வியக்கியே இல்லை. காலந் தாழ்த்தின், வட்டு நன்றாயிருந்தும் அதனை வாசிக்கும் கருவி கிடைப்பது அரிதாகிவிடும்.