கேட்டும் செய்தும் கற்போம்
வேலைத்தளப் பயிற்சியில் கலப்புக் கற்றல்

மட்டக்களப்பில் யுத்தத்தினாலும் 2004 ஆம் ஆண்டின் சுனாமியினாலும் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் 'பயிற்சி' என்பது புதிய சொல் அல்ல. தையல், சிற்றுண்டி தயாரிப்பு, கோழி வளர்ப்பு, கணக்குப் பதிவு என்று எத்தனையோ செயலமர்வுகள் நடந்துள்ளன. மூன்று நாள் வகுப்பு, மதியச் சாப்பாட்டுப் பார்சல், கடைசி நாளில் சான்றிதழ், எல்லோரும் சேர்ந்து ஒரு படம். சான்றிதழ் இன்றும் கோவைக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் கழித்துத் தையல் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால், கோழிக்கு வருத்தம் வந்தால் யாரிடம் கேட்பது?

இந்த இடத்தில்தான் பல முயற்சிகள் நின்றுபோகின்றன. இது பெண்களின் திறமைக் குறைவு அல்ல. மூன்று நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுப் போகும் பயிற்சி முறையின் குறைபாடு. அதற்கும் எல்லோராலும் வர முடிவதில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையிலான பயணம் இலகுவாகியது உண்மைதான். ஆனாலும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு ஒரு முழுநாள் வெளியே போவது ஒரு நாட்கூலியை இழப்பதாகும். பிள்ளையையும் வயதான தாயையும் யார் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இதற்கு ஒரு வழியாக இன்று பேசப்படுவதுதான் 'கலப்புக் கற்றல்'. ஒரு பகுதியை நேரில் கூடிக் கற்பது. மறுபகுதியைக் குரல் பதிவு, ஒளிப்பதிவு, அச்சிட்ட கையேடு ஆகியவற்றின் மூலம் தனக்கு வசதியான நேரத்தில் கற்பது. பெயர் புதிது, விடயம் பழையது. 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அச்சிட்ட பாடங்களை வீட்டில் படித்து, குறித்த நாட்களில் மட்டும் நிலையத்துக்குச் சென்று வந்தார்கள். இன்று கைத்தொலைபேசியும் அதோடு சேர்ந்திருக்கிறது.

தேனியில் ஆடு வளர்த்த பெண்கள்

படிப்பறிவு குறைந்த பெண்களுக்கு இது சரிவருமா என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டின் தேனி மாவட்டப் பெண்களின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. அங்கு 'விடியல்' என்ற அமைப்பு, பொதுநலவாயக் கற்றல் அமைப்பின் 'விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல்' திட்டத்தில் இணைந்து வேலை செய்தது. 2008 அளவில் 300 பெண்கள் ஆடு வளர்ப்புக்கான திட்டத்தைத் தாமே தயாரித்து வங்கிக்குக் கொண்டுபோனார்கள். கிடைத்த கடனில் ஒவ்வொருவருக்கும் 9 பெட்டை ஆடு, 1 கிடாய், அவற்றோடு 1 கைத்தொலைபேசியும் அடங்கியிருந்தன.

அந்தத் தொலைபேசிக்கு நாளாந்தம் சிறிய குரற் செய்திகள் இலவசமாக வந்தன. தீனி, கொட்டில், நோய், பூச்சி மருந்து என்று ஒரு செய்தியில் ஒரு விடயம். ஆடு மேய்க்கும்போதே பெண்கள் அதைக் கேட்டார்கள். எழுத வாசிக்கத் தெரியாதது தடையாக இருக்கவில்லை. கேட்டதைக் குழுவாகக் கூடும்போது பேசினார்கள், ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொன்னார்கள்.

தொலைபேசி மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. செய்தியைக் கேட்ட கையோடு செய்து பார்க்க முன்னால் ஆடு நின்றது. சந்தேகத்தைப் பேசக் குழு இருந்தது.

எதைக் கேட்பது, எதைச் செய்வது

நமது பிரதேசத்தில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து நடத்தும் தையல் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். துணி வகைகள், அளவு எடுக்கும் ஒழுங்கு, ஒரு சட்டைக்கு எவ்வளவு செலவு, என்ன விலை சொல்வது ஆகியவற்றைக் குரல் பதிவாகத் தரலாம். மறந்தால் திரும்பவும் கேட்கலாம், வகுப்பில் அந்த வசதி இல்லை. ஆனால் கழுத்து வெட்டுவதையும் மெஷினின் நூல் இறுக்கத்தைச் சரிசெய்வதையும் கேட்டு மட்டும் பழக முடியாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து, "இப்படி இல்ல, இப்படிப் பிடியுங்க" என்று காட்ட வேண்டும்.

ஆகவே முதலில் ஒரு நாள் நேரில் கூடுவது. பின்னர் கிழமைக்கு இரண்டு மூன்று சிறு பதிவுகள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேலைத்தளத்திலேயே செய்து பார்ப்பதும் திருத்துவதும். பதிவு மட்டக்களப்புப் பேச்சுத் தமிழில், இயன்றால் நம்மில் ஒருவரின் குரலில் இருப்பது நல்லது. பாலைப் பழுதாகாமல் சேகரிக்கும் நிலையத்துக்கும், மா இடித்துப் பொதி செய்யும் குழுவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

கலப்புக் கற்றல் என்ற பெயரில் பெண்ணின் தலையில் இன்னொரு சுமை ஏறவும் கூடும். "இரவில் வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு வேலைத்தளம் சொன்னால், அது அவளது நித்திரையிலிருந்து எடுக்கப்படும் நேரம். வேலைக்காகக் கற்கும் நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். அதற்கான ரீலோட் செலவை அவள் தன் கையிலிருந்து கொடுக்கக் கூடாது.

பல வீடுகளில் உள்ள ஒரே தொலைபேசி மகனிடமோ சகோதரனிடமோ இருக்கும். அப்படியானவர்களுக்கு நிலையத்தில் ஒரு பொதுத் தொலைபேசியை வைத்துக் கூடியிருந்து கேட்கலாம். குழுவில் பெண்களின் இலக்கங்கள் வெளியாருக்குப் போகாமல் பார்ப்பதும் அவசியம். தேவையற்ற அழைப்புகளுக்குப் பயந்தே பலர் குழுவைவிட்டு விலகுகிறார்கள்.

கடன் விடயத்திலும் நிதானம் வேண்டும். தேனிப் பெண்கள் திட்டத்தைத் தயாரித்த பின்னரே கடன் கேட்டார்கள். கணக்கைக் கற்காமல் கையெழுத்து வைத்த நுண்கடன்களால் எமது கிராமங்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே.

இன்னுமொரு வாய்ப்பையும் மறக்கக் கூடாது. இலங்கையின் தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரையான மட்டங்களைக் கொண்டது. வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே தொழில் பழகியவர்கள், தமது முன் அனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி என்.வி.கியூ. சான்றிதழ் பெற இதில் இடமுண்டு. நீங்கள் செய்த வேலைகளின் மாதிரிகளையும் படங்களையும் திகதியிட்டுச் சேர்த்து வையுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த முறை யாராவது பயிற்சி தர வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். வகுப்பு முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? எமது வேலைத்தளத்துக்கு வந்து பார்ப்பீர்களா? கற்கும் நேரத்துக்கும் செலவுக்கும் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் பயிற்சிக்கு நம்பிப் பெயர் கொடுக்கலாம்.