எண்ணெய் விழுந்த இடம் எது?

போன மாதம் ஒரு அம்மாள் பையிலிருந்து ஆலிவ் எண்ணெய் பாட்டிலை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ''கிரீஸ் நாட்டுக்காரங்களுக்கு இதனாலதான் மாரடைப்பே வர்றதில்லையாமே டாக்டர்! வெறும் வயித்துல எத்தனை ஸ்பூன் குடிக்கணும்?''

அவருக்குச் சர்க்கரை உண்டு. எடையும் அதிகம். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இதையும் குடித்தால் என்ன ஆகும்?

அவர் கேள்விப்பட்டது பாதிச் செய்தி. 1958-ல் தொடங்கிய 'ஏழு நாடுகள் ஆய்வு' கிரீட் தீவு ஆண்களையும் கவனித்தது. அவர்களிடம் மாரடைப்பு மரணம் மிகக் குறைவு. ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகச் சேர்த்தார்கள் என்பதும் நிஜம். ஆனால் அந்த எண்ணெய் எதன் மேல் விழுந்தது? பயறு, கீரை, காய்கறி மேல்! பெரும்பாலோர் உடல் நோக உழைத்த கிராமத்து ஜனங்கள் வேறு.

அந்த வீடுகளில் பேர்போன சமையல் 'ஃபசோலாடா'. ராஜ்மாவின் வெள்ளை ரகத்தை ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். ஒரு கொதி வந்ததும் அதையும் வடிப்பது பலர் வழக்கம். பிறகு வெங்காயம், காரட், செலரி, தக்காளி, ஆலிவ் எண்ணெய் சேர்த்துச் சிறுதீயில் குழைய வேகவிடுவார்கள். தொட்டுக்கொள்ள ரொட்டி. இந்த விதைகளை அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி, பேதி நிச்சயம். ஊறவைத்த பின் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும்.

வெண்டைக்காய்கூட அங்கே உண்டு. கொழகொழப்பு போக வினிகர் தெளித்து வைத்து, தக்காளியும் எண்ணெயும் சேர்த்து வேகவைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய கீரைதான். 'ஹோர்த்தா' என்பார்கள். மேட்டிலும் வயலோரத்திலும் தானாக முளைத்ததைப் பறித்து, வேகவைத்து வடித்து, மேலே எண்ணெய், எலுமிச்சைச்சாறு. அவ்வளவே! கோடையில் கிடைக்கும் 'வ்லீத்தா' வேறொன்றுமில்லை, நம் குப்பைக்கீரை, தண்டுக்கீரை இனம்தான். எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அதன் வைட்டமின் 'சி' உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பலன் குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கவனிக்கணும்.

'அப்போ அவங்க சுத்த சைவமா?' என்று கேட்பீர்கள். இல்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. கடும் விரதத்தில் எண்ணெய்கூட இல்லை. எல்லா விரதமும் இருப்பவருக்கு ஏறக்குறைய பாதி வருடம் இப்படியே போய்விடும். மற்ற நாளில் சீஸ், முட்டை, மீன் உண்டு. பாலும் தொடாமல் வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு பி12 குறையும். அதைப் பயறோ கீரையோ ஈடுகட்டாது, சொல்லிவிட்டேன்.

இன்று அங்கேயும் கதை மாறிவிட்டது. ஐரோப்பாவில் குழந்தைகளின் உடல்பருமன் அதிகமுள்ள நாடுகளில் கிரீஸும் ஒன்று. ஆலிவ் மரங்கள் என்னவோ அப்படியேதான் நிற்கின்றன!

அந்த அம்மாளிடம், ''பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். தாளிக்கிற எண்ணெயைக் குறைச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா இதுல ஒரு ஸ்பூன், வெந்த கீரை மேல. சாதத்தைப் பாதியாக்கி, ஒரு கிண்ணம் பயறு'' என்றேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கீரையின் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாற்றவும்.